லாம்டா என்றதும் ஓடாதீர்கள்!



இந்த மாதம் கணினிப் பக்கம் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. "உனக்குத் தெரிஞ்சதை எழுதுடா" என்றார் கம்ப்யூட்டர் சார். எனக்கு நன்றாகத் தெரிந்தது ஒன்றுதான்: காலாண்டுத் தேர்வு முடிந்ததும் நான் செய்த ஒரு தப்பு. ஒரே வரியில் செய்த தப்பு. அந்த வரி ஒரு லாம்டா. அதனால் லாம்டாவைப் பற்றியே எழுதுகிறேன். கம்ப்யூட்டர் குரூப் எடுக்காதவர்களும் படிக்கலாம், தமிழ் இலக்கணம் தெரிந்தால் போதும்.

ஒரு குறிப்பு. தனி வரியில் சிவப்பு மையில் இருப்பதெல்லாம் பைத்தான் நிரல். நம்முடையது தமிழ் இதழ் என்பதால் கட்டளைச் சொற்களையும் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன். லேபில் அடிக்கும்போது அவற்றை மட்டும் ஆங்கிலத்தில் அடியுங்கள். மாறிகளின் பெயர் தமிழிலேயே இருக்கலாம். பைத்தான் 3 அதை ஏற்றுக்கொள்ளும், சந்தேகம் இருந்தால் அடித்துப் பாருங்கள்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

தமிழ் ஐயா எழுவாய், பயனிலை நடத்தினாரே, ஞாபகம் இருக்கிறதா? "கண்ணன் தேர்ச்சி பெற்றான்." கண்ணன் எழுவாய், தேர்ச்சி பெற்றான் பயனிலை. இப்போது எழுவாயை அழித்துவிட்டு அங்கே ஒரு கோடு போடுங்கள்.

_____ தேர்ச்சி பெற்றான்.

இது உண்மையா, பொய்யா? சொல்ல முடியாது. கோட்டில் யார் பெயரை எழுதுகிறோமோ அதைப் பொறுத்தது. கண்ணன் என்று போட்டால் உண்மையாக இருக்கலாம், வேறொருவர் பெயரைப் போட்டால் பொய்யாகலாம். எதைப் போட்டாலும் விடை இரண்டில் ஒன்றுதான். நடுவில் "பரவாயில்லை", "பார்க்கலாம்" எல்லாம் கிடையாது. இப்படிக் கோடிட்ட இடத்தோடு நிற்கிற வாக்கியத்தைத்தான் நிரல் எழுதுபவர்கள் 'பிரெடிகேட்' என்கிறார்கள். ஆங்கில இலக்கணத்தில் பயனிலைக்கும் அதே சொல்தான்! கம்ப்யூட்டர் உலகம் அதைத் தர்க்கவியலிலிருந்து எடுத்துக்கொண்டது. விடையாக வரும் உண்மை, பொய் இரண்டுக்கும் பைத்தானில் ட்ரூ, ஃபால்ஸ் என்று பெயர். இரண்டையும் சேர்த்துப் பூலியன் மதிப்பு என்கிறோம்.

பிரெடிகேட்டை நிரலில் எழுதினால் இப்படி இருக்கும்:

டெஃப் தோல்வியா(ம):
    ரிட்டர்ன் ம < 35

'ம' என்பதுதான் கோடிட்ட இடம். அங்கே 72 போட்டால் ஃபால்ஸ், 31 போட்டால் ட்ரூ. பெயரைக் கவனித்தீர்களா? 'தோல்வி' என்று வைக்காமல் 'தோல்வியா' என்று வைத்தேன். கடைசியில் வருகிற 'ஆ' வினா எழுத்து. ஆமாம், இல்லை என்று பதில் வரும் கேள்வி என்பது பெயரிலேயே தெரிந்துவிடும். ஸ்கீம் என்ற மொழியில் இதற்காகப் பெயரின் கடைசியில் கேள்விக்குறியே போடுவார்கள். நமக்கு அது வேண்டாம், ஒரு நெடில் போதும்!

இனி லாம்டா. மேலே உள்ள அதே கேள்வி:

லாம்டா ம: ம < 35

அவ்வளவுதான். டெஃப் இல்லை, ரிட்டர்ன் இல்லை, முக்கியமாகப் பெயர் இல்லை. முக்காற்புள்ளிக்கு முன்னால் கோடிட்ட இடம், பின்னால் ஒரே ஒரு கோவை. (ஊர் இல்லை, கணிதக் கோவை!) அந்தக் கோவையின் மதிப்பு தானாகவே விடையாக வெளியே வரும். நம் புத்தகத்தில் இதைப் 'பெயரில்லாச் செயற்கூறு' என்று போட்டிருக்கிறார்கள்.

பெயர் இல்லாமல் எப்படிக் கூப்பிடுவது என்று கேட்பீர்கள். கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளியோடு போகிற பையனை "தம்பி, இங்க கொஞ்சம்" என்கிறோம். பேர் தெரியாது, தெரிந்துகொள்ளத் தேவையும் இல்லை. வேலை முடிந்தால் அவர் யாரோ, நாம் யாரோ. லாம்டாவும் அப்படித்தான், வேலை இருக்கிற இடத்திலேயே எழுதி அங்கேயே பயன்படுத்திவிட்டுப் போவது.

அந்த இடம் பெரும்பாலும் 'ஃபில்டர்'. வகுப்பில் சார் வந்து, "35 எடுக்காதவங்கல்லாம் எழுந்து நில்லுங்க" என்று சொல்லும்போது என்ன நடக்கிறது? சார் ஒவ்வொரு பேராகக் கூப்பிடவில்லை. ஒரு கேள்வியை வகுப்புக்குள் விட்டுவிட்டார். ஒவ்வொருவரும் அந்தக் கேள்வியில் தன்னைப் போட்டுப் பார்க்கிறோம். ஆமாம் என்றால் எழுந்திருக்கிறோம். இங்கே வகுப்பு என்பது பட்டியல், சாரின் கேள்வி லாம்டா, கேட்டு எழுப்பிவிடுகிற வேலை ஃபில்டர்.

இப்போது என் கதை.

காலாண்டு முடிந்து கணக்குப் பாடத்துக்கு மாலையில் சிறப்பு வகுப்பு வைக்க முடிவு செய்தார்கள். "35 எடுக்காதவங்க லிஸ்ட் வேணும்ப்பா" என்று கணக்கு சார் கேட்டார். நானாகவே முன்னால் போய், "நிரல் போட்டு எடுத்துத் தர்றேன் சார்" என்றேன். எல்லாருடைய மதிப்பெண்ணையும் ஏற்றினேன். தேர்வுக்கு வராதவர்களுக்கு எண் எதுவும் போடக் கூடாது இல்லையா, அதனால் 'நன்' என்று போட்டேன். பைத்தானில் 'ஒன்றுமில்லை' என்பதற்கு அதுதான் சொல். பெயர்களை விட்டுவிட்டுச் சிறியதாகக் காட்டுகிறேன்:

மதிப்பெண்கள் = [72, 31, 0, 48, நன்]
லிஸ்ட்(ஃபில்டர்(லாம்டா ம: ம < 35, மதிப்பெண்கள்))

ஓட்டியதும் சிவப்பு எழுத்தில் டைப் எரர்! 'ஒன்றுமில்லை' என்பது 35-ஐ விடச் சின்னதா, பெரியதா? பைத்தானுக்குத் தெரியாது, நமக்கும் தெரியாது. அது நியாயமான பிழைதான். அப்போதே நான் நின்று யோசித்திருக்க வேண்டும். அவசரம். மதிப்பு என்று ஒன்று இருந்தால் மட்டும் ஒப்பிடட்டும் என்று இப்படி மாற்றினேன்:

லாம்டா ம: ம ஆண்ட் ம < 35

பிழை போய்விட்டது, பட்டியல் வந்துவிட்டது. பிரின்ட் எடுத்து நானே அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். கொஞ்சம் கர்வமாகவே ஒட்டினேன் என்று ஒப்புக்கொள்கிறேன்.

மேலே உள்ள பட்டியலை எடுத்துக்கொண்டு கையால் போட்டுப் பாருங்கள். விடை என்ன? [31] மட்டும்தான். நன் வெளியே போய்விட்டது, அது நான் எதிர்பார்த்தது. ஆனால் 0 எங்கே?

பைத்தானில் ட்ரூ, ஃபால்ஸ் இரண்டு மட்டும்தான் உண்மை, பொய் என்று நினைக்காதீர்கள். உண்மையா பொய்யா என்று கேட்கிற இடத்தில் எந்த மதிப்பை வைத்தாலும் அதற்கு ஒரு தீர்ப்பு உண்டு. 0 பொய். நன் பொய். ஒன்றும் எழுதாத வெற்றுச் சரம் பொய், காலிப் பட்டியலும் பொய். 31 உண்மை, மைனஸ் 5 கூட உண்மை. நான் "மதிப்பு இருக்கிறதா?" என்று கேட்டதாக நினைத்துக்கொண்டு, "மதிப்பு பூஜ்யம் இல்லையா?" என்றும் சேர்த்துக் கேட்டுவிட்டேன். ஆண்ட் என்பது முதல் பக்கம் பொய் என்று தெரிந்ததும் அடுத்த பக்கத்தைப் பார்க்கவே பார்க்காது. 0 என்பது 35-க்குக் கீழேதான், ஆனால் அந்தக் கேள்வி வரைக்கும் அது போகவே இல்லை.

எங்கள் வகுப்பில் பூஜ்யம் வாங்கியவன் ஒருவன்தான். என் நண்பன். விடைத்தாளில் எண்ணை மட்டும் எழுதிவிட்டு வெறும் தாளாகக் கொடுத்திருந்தான். அந்த வாரம் அவன் வீட்டில் என்ன நடந்தது என்று எனக்கே பிறகுதான் தெரியும், அதை இங்கே எழுத மாட்டேன். அவன் பலகைக்கு முன்னால் நின்று பட்டியலை மேலிருந்து கீழ் வரை இரண்டு தடவை பார்த்திருக்கிறான். பேர் இல்லை. "இவன் தேற மாட்டான்னு சாரே கழிச்சுட்டார் போல" என்று நினைத்துக்கொண்டு பேசாமல் வீட்டுக்குப் போய்விட்டான். ஒரு நாள் இல்லை, இரண்டு வாரம். தினமும் என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவன் என்னிடம் கூட ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. கம்ப்யூட்டர் எடுத்த லிஸ்ட் என்பதால் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. கடைசியில் கணக்கு சார்தான் தன் மதிப்பெண் பதிவேட்டில் சிவப்பு மையில் வட்டம் போட்டவர்களை எண்ணிப் பார்த்து, "ரெண்டு பேர் குறையுதேப்பா" என்று பிடித்தார்.

ரெண்டு பேர்! ஒருவன் பூஜ்யம் வாங்கிய நண்பன். இன்னொருவர் தேர்வுக்கே வராதவர். இரண்டாவது ஆளை நான் தெரிந்தே விட்டிருந்தேன், அது சரி என்றும் நினைத்திருந்தேன். சார் கேட்டது என்ன? "35 எடுக்காதவங்க." நான் எழுதியது என்ன? "35-க்குக் கீழே எடுத்தவங்க." எண்களைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுதான். ஆனால் எழுதாதவர் 35-க்குக் கீழே 'எடுக்கவில்லை', அவர் எதையுமே எடுக்கவில்லை. எடுக்காதவர் என்பதற்குள் அவரும் உண்டு. சிறப்பு வகுப்பு அவருக்கும் வேண்டும். எதிர்மறை வாக்கியத்தை நேர் வாக்கியமாக மாற்றும்போது ஓர் ஆள் நழுவிவிட்டார். ஆக, தப்பு ஒன்றில்லை, இரண்டு.

இப்போது இருக்கிற சரியான வரி இது:

லாம்டா ம: ம இஸ் நன் ஆர் ம < 35

"மதிப்பெண்ணே இல்லையா, அல்லது 35-க்குக் கீழா?" மேலே உள்ள பட்டியலுக்கு விடை [31, 0, நன்]. மூன்று பேரும் வந்துவிட்டார்கள். இதில் வரிசை முக்கியம். ஆர் என்பது முதல் பக்கம் உண்மை என்றால் அதோடு நின்றுவிடும். அதனால் நன் வந்தால் ஒப்பிடுகிற வேலைக்கே போகாது, பிழையும் வராது. இரண்டு பக்கத்தையும் இடம் மாற்றி எழுதிப் பாருங்கள், பழைய டைப் எரர் திரும்ப வந்து நிற்கும். கணக்கில் அ + ஆ, ஆ + அ எல்லாம் ஒன்று. இங்கே அப்படிச் சொல்லிவிட முடியாது.

(நண்பனிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதினேன். "பேர் போடாம எழுதுடா, ஆனா தப்பு உன்னுதுன்னு தெளிவா போடு" என்றான். போட்டுவிட்டேன்.)

இந்தச் சம்பவத்துக்குப் பிறகு, பேச்சில் சரியாக இருந்து நிரலில் கவிழ்த்துவிடுகிற வாக்கியங்களைத் தேடித் தேடிப் பார்க்க ஆரம்பித்தேன். நம் தமிழில் ஓர் அருமையான பொறி இருக்கிறது. பி.டி. சார், "ஒன்பதாம் வகுப்பும் பத்தாம் வகுப்பும் கிரவுண்டுக்கு வாங்க" என்கிறார். தமிழ் ஐயா இதை எண்ணும்மை என்பார். 'உம்' என்றால் ஆண்ட் தானே என்று இப்படி எழுதுகிறோம்:

லாம்டா வ: வ == 9 ஆண்ட் வ == 10

மைதானத்தில் ஒருவர் கூட இருக்க மாட்டார்! ஒரே ஆள் ஒரே நேரத்தில் ஒன்பதிலும் பத்திலும் படிக்க முடியாது அல்லவா? பி.டி. சார் இரண்டு கூட்டத்தைச் சேர்த்துச் சொன்னார். ஃபில்டர் கேட்பதோ ஒவ்வொரு தனி ஆளை. தனி ஆளிடம் கேட்கும்போது "நீ ஒன்பதா, அல்லது பத்தா?" என்றுதான் கேட்க வேண்டும். அதாவது ஆர்.

சரி, ஆர் என்று மாற்றினேன் என்று சொல்லிவிட்டு வேறு சிலர் இப்படி எழுதுவார்கள்:

லாம்டா வ: வ == 9 ஆர் 10

இது இன்னும் மோசம். பள்ளிக்கூடமே கிரவுண்டுக்கு வந்துவிடும்! "வ == 9" ஒரு கேள்வி. ஆர்-க்குப் பிறகு தனியாக நிற்கிற 10 இன்னொரு கேள்வி. 10 பூஜ்யம் இல்லை, அதனால் எப்போதும் உண்மை. ஆறாம் வகுப்புக் குழந்தைக்கும் ஆமாம் என்றுதான் பதில் வரும். இரத்த வகை பட்டியல் எடுக்கும்போது, "பி நெகட்டிவ் அல்லது ஓ நெகட்டிவ்" என்பதை இதே மாதிரி எழுதிவிட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். அவசரத்துக்கு அந்தப் பட்டியலைப் பார்த்து எல்லாருக்கும் போன் போட வேண்டியதுதான். இரண்டு பக்கமும் முழுக் கேள்வியாக எழுத வேண்டும்: வ == 9 ஆர் வ == 10.

பொதுத்தேர்வு நமக்கு நெருங்குகிறது, அதிலிருந்தும் ஒன்று. பன்னிரண்டாம் வகுப்பில் செய்முறை உள்ள பாடத்துக்கு எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. பாஸ் ஆக மொத்தத்தில் 35 வேண்டும், அதோடு எழுத்துத் தேர்வில் மட்டும் 15-ஆவது வேண்டும்.

லாம்டா எ, மொ: எ >= 15 ஆண்ட் மொ >= 35

(கோடிட்ட இடம் இரண்டு கூட இருக்கலாம், பாருங்கள்.) செய்முறையில் 20, அகமதிப்பீட்டில் 10 முழுசாக வாங்கியவர் எழுத்தில் 14 எடுத்தால் மொத்தம் 44. ஆனாலும் ஃபெயில். ஆண்ட் எவ்வளவு கறாரானது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

இப்போது ஃபெயில் ஆனவர்களை எடுக்க வேண்டும். பலரும் குறிகளை மட்டும் திருப்பி, எ < 15 ஆண்ட் மொ < 35 என்று எழுதுவார்கள். நம் 44 மார்க் ஆள் இந்த வலையில் மாட்டவே மாட்டார். "ரெண்டும் இருந்தாத்தான் பாஸ்" என்பதன் மறுபக்கம் "ஒண்ணு இல்லேன்னாலும் ஃபெயில்". ஆகவே ஆண்ட் போய் ஆர் வரும்: எ < 15 ஆர் மொ < 35. இதற்கு டி மார்கன் விதி என்று பெயர். அகஸ்டஸ் டி மார்கன் 1806-ல் பிறந்தது எங்கே தெரியுமா? நம்ம மதுரையில்! கைக்குழந்தையாக இருக்கும்போதே குடும்பத்தோடு இங்கிலாந்து போய்விட்டார்.

டி மார்கனின் நண்பர்தான் பூலியனுக்குப் பெயர் கொடுத்த ஜார்ஜ் பூல். 1815-ல் இங்கிலாந்தின் லிங்கன் நகரில் செருப்புத் தைக்கும் தொழிலாளி ஒருவருக்கு மகனாகப் பிறந்தவர். காலேஜுக்குப் போய்ப் படித்தவர் இல்லை. 16 வயதிலேயே வாத்தியார் வேலைக்குப் போய்க் குடும்பத்தைக் காப்பாற்றிக்கொண்டே கணிதத்தைத் தானாகப் படித்தார். 1849-ல் அயர்லாந்தில் கார்க் நகரக் கல்லூரியில் பேராசிரியர் ஆனார். "உண்மை, பொய் இரண்டையும் வைத்து அல்ஜீப்ரா போடலாம்" என்று 1854-ல் அவர் எழுதிய புத்தகத்தில்தான் நம் ஆண்ட், ஆர், நாட் எல்லாவற்றுக்கும் வேர் இருக்கிறது. 1864-ல் கொட்டும் மழையில் கல்லூரிக்கு நடந்து போய், ஈர உடையோடு பாடம் நடத்தி, அதனால் வந்த காய்ச்சலில் இறந்தார். வயது 49.

லாம்டா அமெரிக்காவிலிருந்து வந்தது. இயற்பியலில் அலைநீளத்துக்குப் போடுகிறோமே, அதே கிரேக்க எழுத்துதான். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் அலான்ஸோ சர்ச் என்ற கணித மேதை 1930-களில் உருவாக்கினார். அப்போது இன்றைய கம்ப்யூட்டரே கிடையாது! 1958-ல் ஜான் மெக்கார்த்தி அதை லிஸ்ப் மொழிக்குள் கொண்டுவந்தார். பைத்தானுக்கு 1994-ல் வந்தது. ஜாவாவுக்கு 2014-ல்தான். இதில் ஒரு வேடிக்கை: பைத்தானை உருவாக்கிய கைடோ வான் ராஸமே 2005-ல் லாம்டாவைத் தூக்கிவிடலாம் என்று எழுதினார். கடைசியில் தூக்கவில்லை.

தூக்காதது நல்லதா? நானும் அவர் பக்கம் பாதி சாய்கிறேன். ம < 35 மாதிரிப் பார்த்ததும் புரிகிற கேள்விக்கு லாம்டா அழகு. ஆனால் நான் செய்த மாதிரி, எழுதுகிறவனே ஒரு நிமிஷம் யோசிக்க வேண்டிய கேள்வி என்றால் டெஃப் போட்டுப் பெயர் வைத்துவிடுங்கள். பெயர் இருந்தால் தனியாகக் கூப்பிட்டுச் சோதிக்கலாம். அன்றைக்குத் தோல்வியா(0) என்று ஒரு தடவை அடித்துப் பார்த்திருந்தால் போதும். விடை 0 என்று வந்திருக்கும். ட்ரூ வரவேண்டிய இடத்தில் 0 வருகிறதே என்று சந்தேகமாவது பட்டிருப்பேன். இப்போது எந்த மதிப்பெண் நிரல் எழுதினாலும் 34, 35, 0, 100, நன் என்ற ஐந்தையும் போட்டுப் பார்த்த பிறகுதான் பிரின்ட் எடுக்கிறேன். வந்த பட்டியலில் எத்தனை பேர் என்று சாரின் பதிவேட்டோடு எண்ணியும் பார்க்கிறேன்.

இனி உங்கள் மூளைக்கு வேலை!

1. ஃபில்டர் கொடுத்த விடையை 'அ' என்ற மாறியில் வைத்தேன். முதல் தடவை லிஸ்ட்(அ) என்றதும் மூன்று பேர் வந்தார்கள். உடனே மறுபடியும் லிஸ்ட்(அ) என்றேன். காலி! மூன்று பேரும் எங்கே போனார்கள்?

2. 'ஆல்' என்று ஒரு செயற்கூறு இருக்கிறது. கொடுத்த பட்டியலில் எல்லாமே உண்மையா என்று கேட்கும். ஒருத்தர் கூட இல்லாத காலிப் பட்டியலைக் கொடுத்தால் ட்ரூ என்கிறது! யாருமே இல்லாத வகுப்பில் எல்லாரும் பாஸ் ஆவது எப்படி?

விடைகளை ஒரு தாளில் எழுதி, பெயர், வகுப்பு போட்டு, லேப் வாசலில் இருக்கும் அட்டைப் பெட்டியில் போடுங்கள். சரியான விடையும் எழுதியவர்கள் பெயரும் அடுத்த இதழில். அந்தப் பட்டியலைக் கையால்தான் எழுதப் போகிறேன்.